உடலறிந்த மருத்துவம்

மூட்டுகளை வீங்கச் செய்யும் முடக்குவாதம் ஆண்களைவிடப் பெண்களை இரண்டு முதல் மூன்று மடங்கு மிகுதியாகத் தாக்குகிறது. யூரிக் அமிலப் படிகங்கள் மூட்டுகளில் படிவதால் வரும் 'கௌட்' நோயோ ஆண்களிடமே மிகுதி. அவ்வமிலத்தை வெளியேற்ற ஈஸ்ட்ரோஜன் துணைசெய்வதால், மாதவிடாய் நிற்கும்வரை பெண்களிடம் அது அரிது.

நோய் இவ்வாறு வேறுபடும்போது, மருந்தாய்வு ஒரு பாலாரோடு நின்றுவிடலாமா? கருவுக்குத் தீங்கு நேருமென அஞ்சி, கருவுறும் வாய்ப்புள்ள பெண்களைத் தொடக்கநிலை ஆய்வுகளிலிருந்து விலக்குமாறு அமெரிக்க அரசு 1977இல் அறிவுறுத்தியது. 1993இல் அதனைக் கைவிட்டது. 1992இல் ஒப்புதல் பெற்ற சோல்பிடெம் என்னும் உறக்க மருந்து பெண்களின் குருதியில் நெடுநேரம் தங்குவதால், அவர்களுக்குரிய அளவு 2013இல்தான் பாதியாக்கப்பட்டது.

அயல்நாடுகளில் ஆய்ந்த மருந்துகள் பல காட்டாங்குளத்தூர் மருந்தகங்களுக்கும் வருகின்றன. நோயுற்றவரின் தன்மையறிந்து மருத்துவம் செய்தல் வேண்டும் என்பது வள்ளுவர் நெறி. இருபாலாரையும் சேர்த்து ஆய்ந்து, முடிவுகளைத் தனித்தனியே நோக்குவதே அந்நெறிக்குப் பொருந்தும்.