கொடையும் கடமையும்



2021இல் கண்டி மாவட்டத்தில் உங்களில் பலர் வரிசையில் நின்று ஏற்றிக்கொண்ட மொடர்னா தடுப்பூசி எங்கிருந்து வந்தது? 'கொவெக்ஸ்' என்னும் உலகக் கூட்டுத் திட்டத்தினூடாக அமெரிக்கா நம் நாட்டுக்கு வழங்கிய 15 இலட்சம் ஊசிகளுள் அதுவும் ஒன்று. முகமறியாத அயலான் நமக்கு நல்ல சமாரியனானான்.

ஆயினும் ஒன்றைக் கவனியுங்கள். அவ்வாண்டு சனவரியில் இந்தியா 5 இலட்சம் கோவிஷீல்ட் ஊசிகளை அன்பளிப்பாக அனுப்பியது. பின்னர் அங்கேயே நோய் தீயாய்ப் பரவவே ஏற்றுமதி நின்றது. முதலாம் ஊசி பெற்ற சுமார் 6 இலட்சம் பேர் இரண்டாவதுக்காக மாதக்கணக்கில் காத்திருந்தனர். யூலை இறுதியில் யப்பானின் அஸ்ட்ராசெனெகா வந்த பின்பே அக்குறை தீரத் தொடங்கியது.

இதனால் நாம் அறிவது என்ன? கொடுப்பவன் வீடே எரியும்போது கொடை நின்றுவிடும். ஆகவே உதவி இரக்கத்தில் மட்டும் தங்கியிராமல், முன்கூட்டியே செய்த உடன்படிக்கையாக வேண்டும். 2025 மே 20ஆம் நாள் உலக சுகாதாரப் பேரவை ஏற்றுக்கொண்ட கொள்ளைநோய் உடன்படிக்கையின் கருத்து இதுவே. பெருந்தொற்றுக் காலத்தில், பங்குகொள்ளும் நிறுவனங்கள் தம் உற்பத்தியில் 20 வீதத்தை உலக சுகாதார ஸ்தாபனத்துக்கு ஒதுக்குவது அதன் இலக்கு. உற்பத்தியில் குறைந்தது 10 வீதம் இலவசமாகவே தரப்பட வேண்டும்.

நம் வாழ்விலும் அப்படியே. லயத்தில் ஒருவர் நோயில் படுத்தால் ஒருநாள் கஞ்சி கொடுப்பது இரக்கம். அவர் எழும்பும்வரை எந்நாள் எவ்வீடு கொடுப்பதென முன்னரே பேசி வைப்பது நீதி. இவ்வாரம் உங்கள் அயலவரோடு இதைப் பேசுவீர்களா?