லெகோ அறைக்கு எந்த மூலை?

வல்லார்பாடம் போலக் காயல் சூழ்ந்த ஊரில் லெகோவுக்கென்று தனி அறையா? மேற்கு ஜன்னல் வேண்டாம். வெயில் பட்டால் வெள்ளை, சாம்பல் கட்டைகள் பழுப்பேறும். ஈரம் கட்டைகளை ஒன்றும் செய்யாது. ஆனால் ஜூன் மழையில் அட்டைப்பெட்டியும் செய்முறைப் புத்தகமும் பூசணம் பிடிக்கும். இறுக மூடும் டப்பாவில், சிலிகா ஜெல் பொட்டலத்தோடு வையுங்கள். உப்புக்காற்றில் இரும்பு ரேக் துருவேறும், அலுமினியம் தேவலை. 32 குமிழ் அடித்தட்டு சுமார் 25.6 செ.மீ. என்பதால் அலமாரித் தட்டின் ஆழம் 30 செ.மீ. இருக்கட்டும்.

நிறவாரியாகப் பிரிப்பது பார்க்க அழகு, தேட அவஸ்தை. சிவப்புக் குவியலில் சின்னச் சிவப்புத் துண்டு கண்ணில் படவே படாது! வடிவவாரியாகப் பிரியுங்கள். தரையில் பழைய வேட்டி விரித்துக் கட்டினால், எழும்போது நாலு முனையையும் சேர்த்துத் தூக்கிவிடலாம். அழுக்கானவற்றை 40 டிகிரிக்கு மேல் சூடில்லாத நீரில் கையால் அலசுங்கள். ஸ்டிக்கர் ஒட்டியவற்றுக்கு பிரஷ் போதும்.