பூச்சி போச்சு, இரத்தம் ஏன் குறையுது?

மலேரியா என்றதும் நம் நினைவுக்கு வருவது கொசு, குளிர், கசப்பு மாத்திரை. இதெல்லாம் பள்ளிக்கூடத்திலேயே படித்ததுதான். ஆனால் மருத்துவ ஆய்வுக்கூடத் தொழில்நுட்பம் படிக்கும் எனக்கே தெரியாத ஒரு சங்கதியை, பயிற்சிக்குப் போன இடத்தில் ஒரு நோயாளி கற்றுக்கொடுத்தார். சிவில், மெக்கானிக்கல் நண்பர்களுக்கும் புரியும்படி அதை இங்கே எழுதிப் பார்க்கிறேன்.

நடந்தது என்ன?

ஒடிசாவுக்கு லோடு ஏற்றிப் போய்த் திரும்பிய லாரி கிளீனர் அவர். என் வயதுதான் இருக்கும். இரத்தப் பரிசோதனையில் வைவாக்ஸ் மலேரியா என்று தெரிந்தது. ஜி6பிடி குறைபாடு இல்லை என்று பார்த்த பிறகே மாத்திரை கொடுத்தார்கள். காய்ச்சல் விட்டது. ஒரு வாரம் கழித்து ஸ்லைடில் ஒரு பூச்சிகூட இல்லை. ஆனால் 11 கிராம் இருந்த ஹீமோகுளோபின் 6.4க்கு இறங்கியிருந்தது. கண்ணிலே லேசாக மஞ்சள்.

"பூச்சி போயிருச்சுன்னு சொன்னீங்களே சார், அப்புறம் ஏன் படியேற முடியல?" என்று கேட்டார். எனக்குப் பதில் தெரியவில்லை.

கணக்கு உதைக்கிறது

வைவாக்ஸ் ஒட்டுண்ணி இளம் சிவப்பணுக்களையே தேடி நுழையும். ஆகவே நூறு சிவப்பணுக்களில் இரண்டுக்கு மேல் அது பிடிப்பது அபூர்வம். அந்த இரண்டு வெடித்துப்போவதால் மட்டும் இவ்வளவு சோகை வராது. அப்படியானால் மற்றவை எங்கே போயின?

ஒரு காலத்தில் மூளையைத் தாக்கிய சிஃபிலிஸ் நோய்க்கு வைத்தியமாகவே மலேரியாவைக் கொடுத்தார்கள். அந்தப் பழைய பதிவேடுகளைப் பின்னாளில் ஆராய்ந்தவர்கள் ஒரு கணக்குப் போட்டார்கள். ஃபால்சிபாரம் மலேரியாவில் ஒட்டுண்ணி புகுந்த ஒரு அணு அழியும்போது, புகாத அணுக்கள் சுமார் 8 கூடவே அழிகின்றன. வைவாக்ஸில் அது சுமார் 34! குற்றவாளி ஒருவனைப் பிடிக்கப் போய்த் தெருவையே கொளுத்திய கதைதான்.

கொளுத்துவது யார்?

நம் உடம்பேதான். கிருமியை அடையாளம் காட்ட உடல் உண்டாக்கும் புரதம் ஆன்டிபாடி, அதாவது எதிர்ப்பொருள். மலேரியாவின் பரபரப்பில், தன் சொந்த அணுக்களையே பிடிக்கும் ஆன்டிபாடிகளும் உண்டாகிவிடுகின்றன. சிவப்பணுவின் உறையில் பாஸ்பாடிடைல் செரீன் என்றொரு கொழுப்பு இருக்கிறது. அது உள்பக்கம் இருக்கவேண்டியது. அணு கிழடாகும்போது, அல்லது சேதப்படும்போது வெளிப்பக்கம் வந்துவிடும். மலேரியாவில் ஒட்டுண்ணி புகாத அணுக்களிலும் இது வெளியே தலைகாட்டும். இந்தக் கொழுப்பின் மேல் ஆன்டிபாடிகள் ஒட்டுவதால் சோகை கூடுகிறது என்று நியூயார்க் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2016இல் எலிகளில் காட்டினார்கள். ஆன்டிபாடி ஒட்டிய அணுவை மண்ணீரலிலும் கல்லீரலிலும் உள்ள விழுங்கணுக்கள் விடுமா? 120 நாள் வாழவேண்டிய அணு பாதியிலேயே காலி.

கூம்ஸ் பரிசோதனை

இதைக் கண்டுபிடிக்கும் வழியை 1945இல் கேம்பிரிட்ஜில் கூம்ஸ், மூரன்ட், ரேஸ் மூவரும் தந்தார்கள். கூம்ஸ் அடிப்படையில் கால்நடை மருத்துவம் படித்தவர். மங்கலான விளக்கெரிந்த ரயிலில் போகும்போது இந்த யோசனை தோன்றியதாம்!

செய்முறை எளிது. நோயாளியின் சிவப்பணுக்களை உப்புநீரில் மூன்று, நான்கு முறை கழுவவேண்டும். பிறகு மனித ஆன்டிபாடியைப் பிடிக்கும் கூம்ஸ் சீரம் விடவேண்டும். அணுக்களின் மேல் ஆன்டிபாடி ஒட்டியிருந்தால் அவை ஒன்றோடொன்று கட்டிக்கொண்டு திரளும். திரண்டால் பாசிட்டிவ்.

நான் செய்த தவறு

அந்தக் கிளீனருக்கு இரத்தம் ஏற்றலாம் என்று பொருத்தம் பார்த்தபோது எந்தப் பையும் ஒத்துவரவில்லை. கூம்ஸ் போடும் வேலை என்னிடம் வந்தது. அவசரத்தில் ஒரே முறை கழுவினேன். திரளவில்லை. "நெகட்டிவ்" என்று எழுதி நீட்டினேன்.

சீனியர் அக்கா வாங்கிப் பார்த்துவிட்டு, "கன்ட்ரோல் செல் போட்டியா?" என்றார். போடவில்லை. அதே குழாயில் ஆன்டிபாடி பூசிய அணுக்களை விட்டார். அவை திரண்டே ஆகவேண்டும். திரளவில்லை! சரியாகக் கழுவாததால் மிச்சமிருந்த பிளாஸ்மா புரதங்களே என் கூம்ஸ் சீரத்தைத் தின்றுவிட்டன. அக்கா நான்கு முறை கழுவி மறுபடி போட்டார். நன்றாகத் திரண்டது. பாசிட்டிவ்.

"பூச்சி போனா என்னப்பா? அது மூட்டிவிட்ட சண்டை உடனே ஓயுமா?" என்றார்.

என் தாளை நம்பியிருந்தால், பிறர் இரத்தத்துக்கு எதிரான ஆன்டிபாடி என்று எண்ணி, கிடைக்காத பைக்காக ஊரெல்லாம் அலைந்திருப்பார்கள். உண்மை தெரிந்ததும் இரத்த வங்கி மருத்துவர் இருப்பதில் மேலான பையைத் தேர்ந்தெடுத்து, பக்கத்தில் ஆள் வைத்து மெதுவாக ஏற்றச் சொன்னார். மூன்று வாரத்தில் ஹீமோகுளோபின் 10ஐத் தாண்டியது.

ஒரு எச்சரிக்கை

மலேரியா சோகைக்கெல்லாம் ஆன்டிபாடிதான் காரணம் என்று யாரும் முடிவுகட்டிவிட வேண்டாம். எலும்பு மஜ்ஜை சோர்ந்து போவதும், மண்ணீரல் வீங்குவதும் காரணங்களே. ஆப்பிரிக்காவின் காம்பியாவில் மலேரியா கண்ட குழந்தைகள் பலருக்குக் கூம்ஸ் பாசிட்டிவாக இருந்ததை 1970களின் கடைசியிலேயே பார்த்திருக்கிறார்கள். ஆனால் பாசிட்டிவ் ஆனவர்கள் எல்லோருக்கும் கடும் சோகை வருவதில்லை. பரிசோதனைத் தாளையும் நோயாளியையும் சேர்த்தே பார்க்கவேண்டும்.

நண்பர்களே, காய்ச்சல் விட்ட பிறகும் மூச்சு வாங்கினால், கண் மஞ்சளானால், சிறுநீர் கறுத்தால் "சத்துக்குறைவு" என்று டானிக் குடித்துக்கொண்டு இருந்துவிடாதீர்கள். மறுபடி இரத்தம் பார்க்கச் சொல்லுங்கள். என் பிரிவுத் தம்பி தங்கைகளுக்கு ஒரு வார்த்தை: நான்கு முறை கழுவுங்கள், கன்ட்ரோல் போடுங்கள். குழாயின் அந்தப் பக்கம் படியேற முடியாத ஒருவர் உட்கார்ந்திருக்கிறார்.