பூஜை முடியட்டும், அப்புறம் படிக்கலாம்

ஹவுராவில் செப்டம்பர் பிறந்துவிட்டால் எந்த வேலையையும் தள்ளிப்போட ஊரே ஒரு கெடு கொடுத்துவிடும். "புஜோர் பொரே", அதாவது துர்கா பூஜைக்கு அப்புறம். குழாய் ரிப்பேர் செய்பவரும் அதைத்தான் சொல்வார், கல்லூரி மாணவனும் அதைத்தான் சொல்வான்.

சிப்பூரில் இருக்கும் ஐ.ஐ.இ.எஸ்.டி., 1856இல் கல்கத்தாவில் தொடங்கி 1880இல் ஹூக்ளியைத் தாண்டி இந்தக் கரைக்கு வந்த பழைய பொறியியல் கல்லூரி. இங்கே படிக்க வரும் தமிழ்ப் பிள்ளைகளுக்கும் ஒரே செமஸ்டரில் இந்தப் பேச்சு தொற்றிக்கொள்கிறது. "மச்சி, பூஜை முடியட்டும்டா, உட்கார்ந்து முடிச்சிடலாம்."

ஆனால் பூஜை எங்கே முடிகிறது? தசமி கழிந்து ஐந்தாம் நாள் லட்சுமி பூஜை. அடுத்த அமாவாசைக்குக் காளி பூஜை. அதற்கு இரண்டு நாள் கழித்து, அண்ணன் தம்பிகளுக்கு நெற்றியில் திலகமிடும் பாய் ஃபோட்டா. லீவுக்குச் சென்னை போனவன் ஷாலிமார் ஸ்டேஷனில் கோரமண்டல் எக்ஸ்பிரஸை விட்டு இறங்கும்போது, பையில் வைத்த புத்தகம் வைத்தபடியே திரும்பி வந்திருக்கும். பண்டிகை ஓய்ந்து நிமிர்ந்தால், எதிரே செமஸ்டர் தேர்வு.

வீட்டில் இதைச் சோம்பேறித்தனம் என்று திட்டுவார்கள். அது சரியான கணிப்பு இல்லை. தேர்வு நெருங்க நெருங்க அந்தப் பிள்ளை அறையைப் பெருக்குகிறான், நான்கு வண்ண ஸ்கெட்சில் டைம்டேபிள் போடுகிறான், ஜெராக்ஸ் கடையில் வரிசையில் நின்று ஐந்து வருடக் கேள்வித்தாளை எடுத்து ஸ்பைரல் போட்டு வைக்கிறான். செய்யாதது ஒன்றே ஒன்று: அதைத் திறப்பது. திறந்தால் தெரியாத கேள்வி கண்ணில் படும், வயிற்றைக் கலக்கும். அந்தக் கலக்கத்திலிருந்துதான் ஓடுகிறான். தள்ளிப்போடுவது நேரத்தைக் கையாளத் தெரியாததால் வருவதை விட மனநிலையைக் கையாள முடியாததால் வருவது என்று உளவியலாளர்கள் ஃபுஷியா சிரோவாவும் திமோத்தி பிச்சிலும் 2013இல் எழுதியது இதைத்தான்.

கெடுவை யார் வைப்பது என்பது இன்னொரு விஷயம். டான் ஏரியலியும் கிளாஸ் வெர்டென்ப்ரோக்கும் 2002இல் வெளியிட்ட ஆய்வில், எம்.ஐ.டி.யில் ஒரு வகுப்புக்கு மூன்று கட்டுரைகளுக்கும் சீரான இடைவெளியில் ஆசிரியரே தேதி வைத்தார். இன்னொரு வகுப்பு தேதியைத் தானே வைத்துக்கொண்டது. நல்ல மதிப்பெண் வாங்கியது முதல் வகுப்புதான். பூஜைக்கும் பரீட்சைக்கும் நடுவே பிறர் வைத்த தேதி ஒன்றுகூட இல்லாததுதான் சிப்பூர் விடுதியின் வியாதி.

தமிழ்ப் பிள்ளைகள் கையில் அதற்கு மருந்து இருக்கிறது. சரஸ்வதி பூஜையன்று அடுக்கிய புத்தகத்தை விஜயதசமியன்று எடுத்து நாலு வரியாவது படித்தே ஆக வேண்டும் என்பது நம் வீட்டு வழக்கம். வங்காளத்தில் அன்று துர்க்கையை ஆற்றில் கரைப்பார்கள். அங்கே சரஸ்வதி பூஜை வசந்த பஞ்சமிக்குத்தான். துர்க்கையைக் கரைக்கும் ஊர்வலத்துக்குப் போகட்டும், தாராளமாக. கிளம்புமுன் ஒரே ஒரு கணக்கைப் போட்டு, அதை அறைத்தோழனிடம் காட்டிவிட்டுப் போகட்டும். லட்சுமி பூஜைக்குள் முதல் யூனிட், காளி பூஜைக்குள் மூன்றாவது என்று அந்தத் தோழனே தேதி சொல்லட்டும். தனக்குத் தானே வைத்த தேதியை அழிப்பது சுலபம், அடுத்தவன் கேட்கும் தேதியை அழிப்பது கஷ்டம்.

காளி பூஜையும் போய்விட்டதா? முதலில் தன்னையே திட்டுவதை நிறுத்த வேண்டும். கனடாவில் 119 முதலாண்டு மாணவர்களை வைத்து 2010இல் வெளிவந்த ஆய்வில், முதல் தேர்வுக்குத் தள்ளிப்போட்டதற்காகத் தங்களை மன்னித்துக்கொண்டவர்கள் அடுத்த தேர்வுக்குக் குறைவாகவே தள்ளிப்போட்டார்கள். அப்புறம் நோட்டை முதல் பக்கத்திலிருந்து புரட்டாமல், அந்த ஸ்பைரலைப் பிரித்து, பாடத்தைப் பார்க்காமல் ஒரு கேள்விக்குப் பதில் எழுதிப் பார்க்கலாம். திரும்பத் திரும்ப வாசிப்பதை விட நினைவிலிருந்து எடுத்து எழுதுவது ஒரு வாரம் கழித்தும் நிற்கிறது என்று ரோடிகரும் கார்பிக்கும் 2006இல் காட்டியிருக்கிறார்கள். பாதிதான் எழுத வந்தாலும் பரவாயில்லை. எந்தப் பாதி வரவில்லையோ, அன்று இரவு படிக்க வேண்டியது அது மட்டும்.