ஏற்றியவர் போனாலும் விளக்கு எரியணும்



நான் நிரல் எழுதப் பழகியது 'ஆட்டம்' என்ற எடிட்டரில். அணு என்று பொருள்படும் இந்த மென்பொருளை கிட்ஹப் நிறுவனம் 2014-இல் வெளியிட்டது. இன்று பலர் பயன்படுத்தும் வி.எஸ். கோட் எடிட்டருக்கு அடித்தளமான 'எலக்ட்ரான்' கூட முதலில் ஆட்டத்துக்காகவே உருவானதுதான்.

2022 ஜூனில் அறிவிப்பு வந்தது: டிசம்பர் 15-ஆம் தேதியோடு ஆட்டம் நிறுத்தப்படும். "சரி, வேற எடிட்டருக்கு மாறிக்க வேண்டியதுதான்" என்று நானும் மாறிவிட்டேன்.

சிலர் மாறவில்லை. ஆட்டத்தின் மூல நிரல் எம்.ஐ.டி. உரிமத்தில் இருந்தது. யார் வேண்டுமானாலும் எடுத்துத் திருத்தி வெளியிடலாம். தன்னார்வலர்கள் அதை எடுத்து 'பல்சார்' என்ற பெயரில் தொடர்ந்தார்கள்.

சுலபமான வேலையா? இல்லை. எடிட்டரின் நிரல் திறந்திருந்தது. ஆனால் ஆயிரக்கணக்கான துணை நிரல்களை வழங்கிய சர்வரின் நிரல் திறந்திருக்கவில்லை. அந்த சர்வர் நின்றுபோனால் எடிட்டர் பாதி ஊனம். அதனால் சர்வருக்கான நிரலைப் புதிதாக எழுதினார்கள். பழைய துணை நிரல்களையும் தேடிச் சேர்த்தார்கள். இதற்குச் சம்பளம் கிடையாது, பேரும் பெரிசா கிடையாது.

இதைப் படித்தபோது எனக்கு நம் கோயில்கள்தான் நினைவுக்கு வந்தன. தோட்டத்தில் கோயில் கட்டியது நம் தாத்தா காலத்து ஆட்கள். 12 ஆண்டுக்கு ஒருமுறை திருப்பணி செய்து கும்பாபிஷேகம் நடத்துவது அவர்கள் இல்லை, நாம். "நான் கட்டலையே, எனக்கென்ன?" என்று யாரும் கேட்பதில்லை. பலனை எதிர்பார்க்காமல் கடமையைச் செய் என்று கீதை சொல்லும் கர்மயோகம், கணினி முன்னால் உட்கார்ந்தாலும் அதேதான்.

இப்போது நம் இயக்கத்தைப் பார்ப்போம். உறுப்பினர் பதிவுக்கு ஓர் அண்ணன் நிரல் எழுதித் தருவார். வேலை கிடைத்து வெளியூர் போய்விடுவார். பாஸ்வேர்டு அவரிடம் மட்டும்தான்! பிறகு எல்லாரும் கையைப் பிசைவோம்.

அதனால் மூன்று காரியம் செய்யுங்கள். ஒன்று, எழுதிய நிரலை மற்றவர் பயன்படுத்தலாம் என்ற அனுமதியை எழுத்தில் வையுங்கள். இரண்டு, அதை எப்படி இயக்குவது என்று புதியவருக்குப் புரியும்படி குறிப்பு எழுதுங்கள். மூன்று, சாவி குறைந்தது இரண்டு பேரிடம் இருக்கட்டும்.

உருவாக்குவது ஒரு சேவை. ஒப்படைத்துவிட்டுப் போவதும் சேவைதான். அடுத்த கூட்டத்திலேயே கேளுங்கள்: "நம்ம நிரலோட சாவி யாருகிட்ட இருக்கு?"