அப்பா வழிச் சொந்தம் எங்கே?



கர்ப்பப் பரிசோதனையில் நர்ஸம்மா கேட்கிறார்: "உங்க அப்பா வழியில யாருக்காவது பரம்பரை நோய் உண்டா?" சில தாய்மார்கள் தலை குனிந்து, "அப்பா சின்ன வயசுலயே விட்டுட்டுப் போயிட்டாரு. ஒண்ணும் தெரியாதுங்க" என்கிறார்கள். இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. பெரியவர்கள் பிரிந்ததற்குப் பிள்ளைகள் பொறுப்பல்ல. ஆனால் பேச்சு அறுந்தாலும் இரத்தத் தொடர்பு அறுவதில்லை.

ஓர் உதாரணம்: இரத்தம் உறையாத நோயான ஹீமோபிலியா. இந்நோயுள்ளவரின் பெண்மக்கள் அனைவரும் அதைச் சுமப்பவர்களே. பெரும்பாலும் நலமாகவே தோன்றுவார்கள். அவர்களுக்குப் பிறக்கும் ஒவ்வோர் ஆண் குழந்தைக்கும் நோய் வர இரண்டில் ஒரு பங்கு வாய்ப்பு உண்டு. தெரியாமல் ஆயுதம் போட்டு எடுத்தால் குழந்தையின் தலைக்குள் இரத்தம் கசியலாம். முன்பே தெரிந்தால் பெரிய ஆஸ்பத்திரியில் தக்க ஏற்பாட்டுடன் பிரசவம் பார்க்கலாம். பெரியப்பா, சித்தப்பாவுக்கு இருந்து, அப்பாவுக்கு இல்லையென்றால், அப்பா வழியாக உங்களுக்கு வராது.

எப்படித் தேடுவது?

1. முதலில் அம்மாவிடம் கேளுங்கள். "அந்தாளு பேச்சை எடுக்காதே" என்றால் வற்புறுத்த வேண்டாம். "சண்டையைக் கிளற இல்லம்மா, பிள்ளைக்காக" என்று பொறுமையாகச் சொல்லுங்கள்.

2. அம்மா கல்யாணத்து மொய் நோட்டைப் புரட்டுங்கள். பெயரோடு ஊரும் எழுதியிருக்கும். பழைய பத்திரிகையில் பங்காளிகள் பெயர் இருக்கும்.

3. பள்ளிச் சான்றிதழ், பழைய குடும்ப அட்டை, நிலப் பத்திரம் ஆகியவற்றில் தாத்தா பெயரும் ஊரும் கிடைக்கலாம்.

4. குலதெய்வக் கோயில் பூசாரியைக் கேளுங்கள். கோயில் வரி கொடுக்கும் பங்காளிகளை அவருக்குத் தெரியும்.

5. அப்பா அடிதடிக்காரராக இருந்தால் நேரில் போகாதீர்கள். நம்பிக்கையான பெரியவர் மூலம் விசாரியுங்கள்.

என்ன கேட்பது?

சிறு வயதில் இறந்தவர் யார், எதனால்? பல் பிடுங்கியபோது இரத்தம் நிற்காமல் தவித்தவர் உண்டா? அடிக்கடி இரத்தம் ஏற்றிய குழந்தை உண்டா? சர்க்கரை, இரத்தக்கொதிப்பு, மாரடைப்பு யாருக்கு? தொழுநோய் இருந்ததாகச் சொன்னால் பயப்படாதீர்கள். அது பரம்பரை நோய் அல்ல, மருந்தால் குணமாகும்.

யாரும் கிடைக்கவில்லையா? கவலை வேண்டாம். "தெரியாது" என்று டாக்டரிடம் மறைக்காமல் சொல்லுங்கள். தேவையான இரத்தப் பரிசோதனையை அவர் சொல்வார்.

கணவன்மார்களே! "அப்பன் பேர் தெரியாதவ" என்று மனைவியைக் குத்திப் பேசாதீர்கள். உங்கள் வழி நோய்களையும் கேட்டு எழுதி வையுங்கள். அந்தத் தாளைக் கிராம சுகாதார செவிலியரிடம் காட்டுங்கள்.

பழைய பகை பெரியவர்களோடு போகட்டும். பிறக்கும் பிள்ளை நலமாக வளரட்டும்!