நாய்க்குட்டிக்கும் நெஞ்சைப் பார்க்க வேண்டும்

கால்நடைப் பக்கத்தில் இந்த முறை நாயைப் பற்றிப் பார்ப்போம். "நாய்க்குக் கூடவா பாடம், மேடம்?" என்று சிரிக்க வேண்டாம். நம் மலையில் நாய் இல்லாத வீடு எது? மரவள்ளிக் காட்டில் பன்றியை விரட்டுவதும், பட்டியில் ஆட்டைக் காப்பதும் அதுதானே.

சோளக்காடு பக்கம் ஒரு குழுவில் நடந்ததைச் சொல்கிறேன். உறுப்பினர் ஒருவர் உள்கடன் வாங்கி ஒரு பொமரேனியன் பெண் குட்டி வளர்த்தார். அது வளர்ந்ததும் கிடா நாய்க்கு அலையாமல், கூடப்பிறந்த ஆண் நாயோடு சேர்த்துவிட்டார். நான்கு குட்டி. மூன்று விற்று முதல் தவணையும் கட்டியாகிவிட்டது. பத்து நாள் கழித்து ஒருவர் குட்டியோடு மலை ஏறி வந்துவிட்டார். தடுப்பூசி போடப் போன இடத்தில் டாக்டர் ஸ்டெதஸ்கோப் வைத்துப் பார்த்து, "நெஞ்சில் இரைச்சல் கேட்குது" என்று சொல்லிவிட்டாராம். பணத்தைத் திருப்பிக் கொடு என்கிறார். "நல்லாத்தானே பால் குடிச்சுது, எனக்கு என்ன தெரியும்?" என்று அந்த அக்கா அழ, குழுக் கூட்டத்தில் ஒரே சண்டை. உண்மையைச் சொன்னால், எனக்கும் அன்றைக்கு எதுவும் தெரியாது. பிறகுதான் கால்நடை மருத்துவர்களிடம் கேட்டுத் தெரிந்துகொண்டேன்.

குட்டி தாய் வயிற்றில் இருக்கும்போது நுரையீரலுக்கு வேலை கிடையாது. அதனால் இதயத்திலிருந்து புறப்படும் இரண்டு பெரிய ரத்தக்குழாய்களுக்கு நடுவில் ஒரு சின்னக் குறுக்குக் குழாய் இருக்கும். பிறந்து மூச்சுவிட ஆரம்பித்த சில நாளில் அது தானாக மூடிக்கொள்ள வேண்டும். சில குட்டிகளுக்கு மூடுவதில்லை. வயலுக்குப் போக வேண்டிய தண்ணீர் அடைக்காத மடை வழியே போவது மாதிரி, உடம்புக்குப் போக வேண்டிய ரத்தம் மறுபடியும் நுரையீரலுக்கே ஓடும். இதயம் இரட்டை வேலை செய்து வீங்கிப்போகும். தூரத்தில் மாவு மில் ஓடுகிற மாதிரி இடைவிடாத இரைச்சல் கேட்கும். இடது முன்னங்கால் அக்குளில் கை வைத்தால் சில குட்டிகளுக்கு அதிர்வே தெரியும். சீக்கிரமே அறுவை செய்து அந்தக் குழாயை அடைத்துவிட்டால் குட்டி நன்றாக வாழும். விட்டுவிட்டால் பெரும்பாலானவை ஒன்றிரண்டு வருடம்கூடத் தாண்டுவதில்லை.

இது பரம்பரையாக வரும் குறை. அமெரிக்காவில் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தின் டொனால்ட் பேட்டர்சன் 1960-களிலிருந்து நாய்களை வைத்து ஆராய்ந்து இதைக் காட்டினார். தாயும் தகப்பனும் பார்க்க நன்றாக இருந்தாலும் குட்டிக்கு வரலாம். கூடப்பிறந்ததோடு சேர்த்தால் ஆபத்து இன்னும் கூடும். நம் வீட்டில் அண்ணன் தங்கைக்குக் கல்யாணம் செய்வோமா? நாய்க்கு மட்டும் ஏன் செய்கிறோம்?

ஒன்று சொல்ல வேண்டும். இரைச்சல் எல்லாமே நோய் இல்லை. வளரும் குட்டிக்கு மெல்லிய இரைச்சல் கேட்டு, நாலைந்து மாதத்தில் மறைந்துபோவதும் உண்டு. டாக்டர் மறுபடி கொண்டுவரச் சொன்னால் கட்டாயம் போங்கள். 6 முதல் 8 வாரத்தில் முதல் தடுப்பூசி போடும்போதே, "நெஞ்சையும் பாருங்க சார்" என்று நாமே வாய் திறந்து கேட்க வேண்டும். விற்பதற்கு முன்னால் கேட்க வேண்டும், விற்ற பிறகு அல்ல.

தாய் நாய்க்குத் தடுப்பூசி போடாமல் விடுவதும் குட்டியின் நெஞ்சில்தான் போய் முடியும். பார்வோ என்றால் ரத்தக் கழிச்சல் என்றுதான் நமக்குத் தெரியும். பிறந்த இரண்டு வாரத்துக்குள் அந்தக் கிருமி தொற்றினால் இதயத் தசையையே தாக்கும். ஒரு மாதம், ஒன்றரை மாதம் கொழுகொழு என்று இருந்த குட்டி விளையாடிக்கொண்டே விழுந்து செத்துப்போகும். நாம் கண்ணேறு என்று சொல்லி உப்பு மிளகாய் சுற்றிக்கொண்டிருப்போம். சினைக்கு முன்பே தாய்க்கு ஊசி போட்டிருந்தால் குட்டிக்குச் சீம்பாலிலேயே பாதுகாப்பு கிடைக்கும்.

இனத்துக்கு விடும் நாய்க்கு ஒருமுறை பார்த்தால் போதாது. டாபர்மேனுக்கு இதயம் பெருத்துத் தளரும் நோய் நடுவயதில்தான் வெளியே தெரியும். அதற்குள் நான்கு ஈத்துக் குட்டிகள் ஊரெல்லாம் போயிருக்கும். அதனால் வருடம் ஒருமுறை பரிசோதனை, சந்தேகம் வந்தால் ஈ.சி.ஜி., எக்கோ. 2017-இல் வந்த மத்திய அரசு விதிப்படி விற்பனைக்காக நாய் இனப்பெருக்கம் செய்பவர் மாநில விலங்குகள் நல வாரியத்தில் பதிவு செய்ய வேண்டும். 18 மாதம் ஆகாத பெண் நாயைச் சேர்க்கக் கூடாது. சேர்ப்பதற்கு முன் கால்நடை மருத்துவரிடம் ஆரோக்கியச் சான்று வாங்க வேண்டும். 8 வாரம் ஆகாத குட்டியை விற்கக் கூடாது.

வீட்டில் காசில்லாமல் செய்யக்கூடிய ஒன்று உண்டு. நாய் நன்றாகத் தூங்கும்போது செல்போனில் மணி பார்த்து, ஒரு நிமிடத்துக்கு எத்தனை முறை நெஞ்சு ஏறி இறங்குகிறது என்று எண்ணுங்கள். பெரிய நாய்க்கு 30-க்கு மேல் தினமும் போனால் டாக்டரிடம் காட்டுங்கள். இருமல், சீக்கிரம் களைப்பு, மயக்கம், ஈறு நீலமாவது, கூடப்பிறந்தவற்றை விடக் குட்டி வளராமல் நிற்பது, இவையும் அப்படித்தான்.

நாமக்கல்லில் 1985 முதல் கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது. செம்மேட்டிலிருந்து பஸ் இருக்கிறதே. சந்தைக்குப் போகிற நாளில் குட்டியையும் கூடையில் வைத்துக் கொண்டுபோகலாம்.

அந்த அக்கா பணத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். பாக்கித் தவணைக்குக் குழு மூன்று மாதம் அவகாசம் தந்து தீர்மான நோட்டில் எழுதியது. குட்டியை அவரே வைத்துக்கொண்டார். அறுவைக்கு விசாரித்து, பணம் புரட்டுவதற்குள் ஏழு மாதம் ஓடி, குட்டியும் போய்விட்டது. தாய் நாய்க்குக் கருத்தடை செய்துவிட்டார். இப்போது அது மிளகுக் கொடிக்குக் காவல் இருக்கிறது. நாய் வளர்க்க உள்கடன் கேட்டு யார் வந்தாலும், "ஜோடி எங்கே வாங்கினது, டாக்டர் பார்த்தாரா?" என்று முதலில் கேட்பது அவர்தான்.